அழகுப் படங்களைப் படிக்கச் சொல்லித்தருவது எப்படி? வளரும் பெண் பிள்ளைகளோடு நான்கு சனிக்கிழமைகள்

புது வண்ணாரப்பேட்டையில், எங்கள் வீட்டு மொட்டை மாடியில் போட்ட தகரக் கொட்டகையில், ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் பெண் பிள்ளைகளுக்கு மாலை நேர டியூஷன் எடுத்துவருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் அவர்களில் ஒருத்திக்கு மஞ்சள் நீராட்டு விழா நடந்தபோது, தெருமுனையில் இரண்டு சவுக்குக் கட்டைகளுக்கு நடுவே அவள் படம் போட்ட ஃப்ளெக்ஸ் பேனரைக் கட்டியிருந்தார்கள். அவளுடைய தம்பி, ஐந்து வயதுப் பையன், அதை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இது யாருக்கா?" என்று அவளிடமே கேட்டான். பேனரில் முகம் வெளுத்திருந்தது; தாடை கூராகியிருந்தது; கன்னத்தில் இருந்த அம்மைத் தழும்பைக் காணோம். பந்தலில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். அடுத்த வாரத்திலிருந்து மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலேயே திருப்பிக் கொண்டுவருகிறாள் என்று அவளுடைய அம்மா என்னிடம் வந்து சொன்னார்.

அந்தப் பிள்ளைக்கு அறிவுரை சொல்லிப் பார்த்தேன், பலிக்கவில்லை. "நீ அழகாகத்தான் இருக்கிறாய்" என்று சொல்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது: அழகாக இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனையை நாமும் ஒப்புக்கொண்டுதான் அதைச் சொல்கிறோம். எனவே, அழகைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு, படங்களைப் பற்றிப் பேசத் தொடங்கினேன். யார் எடுத்தது, யார் திருத்தியது, யார் விற்பது, வேறொரு நாட்டில் இதே கடைக்காரர் எதைக் கேட்டிருப்பார் என்பவை மட்டுமே எங்கள் கேள்விகள். நான்கு சனிக்கிழமைப் பிற்பகல்களில், ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கி இதைச் செய்துவருகிறோம். டியூஷன் எடுப்பவர்கள், பள்ளி ஆசிரியைகள், நூலகம் நடத்துபவர்கள், அக்கா, சித்தி, அத்தை என்று யார் வேண்டுமானாலும் தங்கள் தெருவில் இதைச் செய்ய முடியும் என்பதால் முறையை இங்கே எழுதிவைக்கிறேன்.

தொடங்கும் முன்

எட்டிலிருந்து பன்னிரண்டு பிள்ளைகள் போதும். அதற்கு மேல் போனால் வாயாடிகள் நான்கு பேரே பேசி முடித்துவிடுவார்கள். அம்மாக்களிடம் முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். எடை பார்க்கும் இயந்திரம், தையல்காரர் டேப், முகம் பார்க்கும் கண்ணாடி ஆகிய மூன்றும் அந்த அறையில் இருக்கக் கூடாது. கேமரா உள்ள போன் இரண்டு, பழைய வார இதழ்களிலிருந்து கிழித்த விளம்பரப் பக்கங்கள், வெள்ளைத் தாள், பேனா ஆகியவை போதும். எடுக்கும் படங்களையெல்லாம் கூட்டம் கலைவதற்கு முன் எல்லோருடைய கண் முன்னாலும் அழித்துவிட வேண்டும். 'சமீபத்தில் அழித்தவை' என்ற பெட்டியையும் காலி செய்தால்தான் அது அழித்ததாகும் என்பதைப் பிள்ளைகளுக்கும் காட்டிவிடுங்கள்.

விதி ஒன்றுதான்: அறைக்குள் ஒருவர் உடலைப் பற்றி மற்றவர் எதுவும் சொல்லக் கூடாது, புகழ்ச்சியாகக்கூட. கேட்க எளிதாகத் தோன்றும் இந்த விதிதான் மிகக் கடினமானது, ஏனென்றால் நம் ஊரில் நலம் விசாரிப்பதே உடலை விசாரிப்பதாகத்தான் இருக்கிறது. "இன்னாடி, இப்படி ஊதிட்டே?", "ஒட்டடைக்குச்சி மாதிரி இளைச்சுட்டியே, சோறு போடலையா உங்கம்மா?" என்பவையெல்லாம் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வந்து விழுந்துவிடும். பூசினாற்போல் இருப்பது அழகு என்று பாட்டி தலைமுறை சொன்னது, வயிறு தட்டையாக இருக்க வேண்டும் என்று ரீல்ஸ் சொல்கிறது. இரண்டையும் ஒரே நாளில் கேட்டு வளர்கிறவர்கள் இந்தப் பிள்ளைகள். முதல் நாள் விதியை மீறியவர்களை நான் கண்டிப்பதில்லை. மீறலை மட்டும் எண்ணிக்கொண்டு வந்து கடைசியில் சொல்கிறேன். ஒன்றரை மணி நேரத்தில் பத்தொன்பது முறை மீறப்பட்ட நாளும் உண்டு. அவற்றில் இரண்டு என்னுடையவை.

முதல் சனிக்கிழமை: போன்

சோதனைக்கு உங்கள் முகத்தையே கொடுங்கள். பிள்ளைகளில் ஒருத்தியை மாதிரியாக நிறுத்தக் கூடாது. கை நீளத்துக்கும் குறைவாக, சுமார் 30 செ.மீ. தூரத்தில் போனை வைத்து ஒரு படம், பிறகு வேறொருவரிடம் கொடுத்து ஒன்றரை மீட்டர் தள்ளி நிற்கச் சொல்லி, முகம் அதே அளவுக்கு வரும்படி உருப்பெருக்கி இன்னொரு படம் எடுக்கச் செய்யுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முதல் படத்தில் மூக்கு புடைத்தும் காதுகள் பின்வாங்கியும் தெரியும். கேமராவுக்கு அருகில் இருப்பது பெரிதாகவும் தொலைவில் இருப்பது சிறிதாகவும் விழுவதுதான் காரணம். மூக்கு நுனிக்கும் காதுக்கும் உள்ள சில அங்குல வேறுபாடு கிட்டத்தில் பெரிய வேறுபாடாகிவிடுகிறது. 30 செ.மீ. தூரத்து செல்ஃபியில் மூக்கு ஏறத்தாழ 30 விழுக்காடு அகலமாகத் தெரியும் என்று 2018-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கணக்கிட்டு வெளியிட்டார்கள். செல்ஃபியைக் காட்டி மூக்கைத் திருத்தச் சொல்லி மருத்துவர்களிடம் வருவோர் பெருகியதே அந்தக் கணக்குக்குத் தூண்டுதல். எங்கள் பிள்ளைகளில் ஒருத்தி இதைக் கேட்டுவிட்டு, "அப்போ என் மூக்கு தப்பில்லையாக்கா, கைதான் குட்டையா?" என்றாள். இதைவிடச் சரியாக நான் விளக்கியதில்லை.

அடுத்து, போனின் கேமரா அமைப்புக்குள் போய் 'பியூட்டி' என்றோ 'முக அழகு' என்றோ இருப்பதைத் தேடச் சொல்லுங்கள். பல போன்களில் யாரும் கேட்காமலேயே அது போடப்பட்டிருக்கும். தங்கள் உண்மையான முகத்தைத் தங்கள் போனில் ஒருமுறைகூடப் பார்த்திராத பிள்ளைகள் இருப்பது அன்றைக்குத்தான் தெரியவரும். அதை நீக்கியதும் ஒரு கணம் அமைதி விழும். அந்தக் கணத்தில் எதுவும் சொல்லாதீர்கள்.

ஃபில்டர் எப்படி வேலை செய்கிறது என்பதையும் சுருக்கமாகச் சொல்லலாம். மென்பொருள் முதலில் கண் முனை, மூக்கு நுனி, உதட்டோரம், தாடை என்று முகத்தில் பல புள்ளிகளைக் குறித்துக்கொண்டு, அவற்றை இணைத்து ஒரு வலை பின்னுகிறது. பின்னர் அந்த வலையை இழுத்தால் தாடை சுருங்கும், கண் விரியும். வலை இழுபடும்போது பின்னால் இருப்பதும் சேர்ந்து இழுபடும் என்பதால், திருத்திய படத்தைக் கண்டுபிடிக்க முகத்தைப் பார்க்கக் கூடாது, பின்னணியைப் பார்க்க வேண்டும். ஜன்னல் கம்பி இடுப்புக்குப் பக்கத்தில் மட்டும் வளைந்திருக்கிறதா, தரை ஓட்டின் கோடு தொடைக்கு அருகில் நெளிகிறதா, கதவு நிலை வில்லாக நிற்கிறதா என்று தேடச் சொன்னால் பிள்ளைகள் துப்பறியும் ஆர்வத்தோடு இறங்கிவிடுவார்கள்.

இரண்டாம் சனிக்கிழமை: ஃப்ளெக்ஸ் கடை

நான்கில் எனக்கு மிகவும் பிடித்த நாள் இதுதான். எங்கள் பகுதிக் கடைத்தெருவான எம்.சி. ரோட்டைச் சுற்றிய சந்துகளில் ஃப்ளெக்ஸ் அச்சிடும் கடைகளுக்கும் கல்யாண ஆல்பம் வடிவமைக்கும் இடங்களுக்கும் பஞ்சமில்லை. உங்களுக்குத் தெரிந்த கடைக்காரரிடம் முன்பே பேசி, கூட்டமில்லாத பிற்பகல் ஒன்றில் பிள்ளைகளை இரண்டு அணிகளாக அழைத்துச் செல்லுங்கள். முகூர்த்த நாள் நெருக்கத்தில் போனால் அவருக்கு மூச்சுவிட நேரமிருக்காது. இங்கேயும் உங்கள் படத்தையே கொடுங்கள். வேலைக்குரிய கூலியையும் கொடுத்துவிடுங்கள்.

நாங்கள் போன கடையில் ஆபரேட்டர் தம்பிக்கு இருபத்தைந்து வயதிருக்கும். என் படத்தைத் திறந்ததும், நான் எதுவும் கேட்பதற்கு முன்பே, அவருடைய இடக்கை இரண்டு பொத்தான்களை அழுத்தியது, திரையில் ஒரு சாய்வுக் கோடு எழுந்தது, வலக்கையால் அதன் நடுவைப் பிடித்து மேலே தூக்கினார், நான் வெளுத்தேன். நான்கு நொடிகூட ஆகவில்லை. "இதை யார் செய்யச் சொன்னது, தம்பி?" என்று கேட்டதற்கு, அவர் உண்மையாகவே திகைத்தார். "யாரும் சொல்ல வேணாம்கா. பண்ணாம கொடுத்தாத்தான் திட்டுவாங்க" என்றார். பிறகு வட்டத் தூரிகை ஒன்றை எடுத்துத் தாடையின் ஓரத்தில் வைத்து உள்பக்கமாகத் தள்ளிக் காட்டினார். ஈர மண்ணைத் தள்ளுவது போல் என் தாடை நகர்ந்தது. தூரிகை என் தோளைத் தொட்டபோது பின்னால் இருந்த தூணும் வளைந்தது. முந்தைய வாரம் படித்த பாடம் நினைவுக்கு வந்து பிள்ளைகள் ஒரே குரலில் கத்தினார்கள். இயல்பான படத்தையும் திருத்திய படத்தையும் மாற்றி மாற்றி, முன், பின், முன், பின் என்று தட்டிக்காட்டும்படி அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த நாளின் பாடம் முழுவதும் அந்தத் தட்டலில் இருக்கிறது.

ஆபரேட்டரை வில்லனாக்கிவிடாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. வாடிக்கையாளர் திட்டுவார் என்று அவர் பயப்படுகிறார், உறவினர் ஏதாவது சொல்வார் என்று வாடிக்கையாளர் பயப்படுகிறார், உறவினரோ தொலைக்காட்சியில் பார்த்த முகத்தை அளவுகோலாக வைத்திருக்கிறார். இந்தச் சங்கிலியைத் தாளில் வரையச் சொல்லி, ஒவ்வொரு கண்ணியிலும் யாருக்குப் பணம் போகிறது என்று எழுதச் சொல்லுங்கள். வடசென்னையைக் காட்டும் திரைப்படங்களிலும் இதுதான் நடக்கிறது. எங்கள் பகுதிப் பெண்ணாக நடிக்க வெளுத்த நடிகை ஒருவரைக் கொண்டுவந்து, கறுப்பு மை பூசி நிறுத்துகிறார்கள். கறுத்த பிள்ளையை பேனரில் வெளுப்பாக்குகிறோம், வெளுத்த பெண்ணைத் திரையில் கறுப்பாக்குகிறோம், இயல்பான நிறத்தோடு நிற்க இரண்டு இடத்திலும் ஒருவருக்கும் அனுமதியில்லை. இதைச் சொன்னால் பிள்ளைகளுக்குச் சட்டென்று புரிகிறது.

மூன்றாம் சனிக்கிழமை: உலகப் படம்

சுவரில் உலக வரைபடத்தை மாட்டிக்கொண்டு, ஃபிஜியிலிருந்து தொடங்குங்கள். பசிபிக் தீவு நாடான அங்கே நல்ல உடற்கட்டு என்பது உழைப்புக்கும் குடும்பம் அக்கறையாகச் சோறு போடுவதற்கும் அடையாளமாக இருந்தது. ஒருத்தி இளைத்துப்போனால் சுற்றத்தார் கவலைப்படுவார்கள். நாட்ரோகா மாகாணத்துக்கு 1995-இல்தான் தொலைக்காட்சி வந்தது. வந்ததும் பெரும்பாலும் அமெரிக்க, பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய நிகழ்ச்சிகளோடு வந்தது. மனநல மருத்துவரும் மானிடவியலாளருமான ஆன் பெக்கர், தொலைக்காட்சி வந்த சில வாரங்களில் 63 பள்ளி மாணவிகளிடமும், மூன்று ஆண்டுகள் கழித்து 1998-இல் வேறு 65 மாணவிகளிடமும் கேள்வித்தாள் கொடுத்துப் பார்த்தார். எடையைக் குறைப்பதற்காகத் தானே வாந்தி எடுத்ததாக முதல் முறை ஒருத்தியும் சொல்லவில்லை; இரண்டாம் முறை 11.3 விழுக்காட்டினர் சொன்னார்கள். தான் மிகவும் பருமன் என்று சில வேளைகளிலாவது தோன்றுகிறது என்று அந்த இரண்டாம் முறையில் சொன்னவர்கள் 74 விழுக்காடு. ஆய்வு 2002-இல் வெளியானது. சிறிய ஆய்வுதான், அந்த ஆண்டுகளில் அத்தீவில் வேறு பலவும் மாறிக்கொண்டிருந்தன என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். ஆனால் பாட்டியின் அளவுகோலை மூன்றே ஆண்டுகளில் ஒரு பெட்டி அசைக்க முடியும் என்பதைப் பிள்ளைகள் தங்கள் வீட்டிலேயே பார்த்திருப்பதால், நீட்டி விளக்க வேண்டியிருக்காது.

அடுத்து ஆப்பிரிக்காவுக்கு வாருங்கள். மொரிட்டானியாவில் பருத்த பெண்ணே வசதியான குடும்பத்துப் பெண் என்று கருதி, சிறுமிகளுக்கு ஒட்டகப் பாலையும் தானியக் கூழையும் வலுக்கட்டாயமாகப் புகட்டும் 'லெப்லூ' என்ற வழக்கம் இருந்துவந்திருக்கிறது. அது உடலைக் கெடுக்கும் என்று அந்நாட்டுப் பெண்களே எதிர்த்துப் பேசிவருகிறார்கள். நைஜீரியாவின் கலபார் பகுதியில் திருமணத்துக்கு முன் பெண்ணைத் தனி அறையில் வைத்து ஊட்டி வளர்க்கும் மரபு உண்டு. அதே நைஜீரியாவிலிருந்து அக்பானி டாரேகோ 2001-இல் உலக அழகிப் பட்டம் வென்றார்; ஒல்லியான அவரைப் பார்த்துப் பெரியவர்கள் பலர் "இதில் என்ன அழகு?" என்றிருக்க, இளம்பெண்களிடையே ஒல்லி உடல் மோகம் பரவியது. தொகுப்பாளர் கையில் இருந்த ஒரு கிரீடம் ஒரு நாட்டின் இரண்டு தலைமுறைகளுக்கு நடுவே கோடு கிழித்துவிட்டது. நமக்கு இது புதிதல்ல. 1994-இல் சுஷ்மிதா சென்னும் ஐஸ்வர்யா ராயும் ஒரே ஆண்டில் பட்டம் வென்று திரும்பிய பிறகு நம் தெருக்களில் திறந்த பியூட்டி பார்லர்களை அம்மாக்களிடம் கேட்டால் கணக்குச் சொல்வார்கள்.

தென்கொரியாவைப் பற்றி நீங்கள் சொல்வதைவிடப் பிள்ளைகள் அதிகம் சொல்வார்கள். கொரியத் தொடர்களும் பாட்டுக் குழுக்களும் அவர்களுக்கு அத்துப்படி. கண்ணிமையில் மடிப்பு உண்டாக்கும் அறுவை சிகிச்சையை, கல்லூரி நுழைவுத் தேர்வு முடிந்த மகளுக்குப் பெற்றோர் பரிசாகச் செய்துவைப்பதும் அங்கே நடக்கிறது என்பதைச் சொன்னால், "நமக்கு இருக்குற மடிப்புக்காகவா?" என்று ஒருத்தி தன் இமையைத் தொட்டுப் பார்ப்பாள். 2018 வாக்கில் அந்நாட்டு இளம்பெண்களே 'கச்சையைக் கழற்று' என்ற இயக்கத்தில் ஒப்பனைப் பொருள்களை நொறுக்கி, முடியைக் கத்தரித்துப் படம் வெளியிட்டதையும் விட்டுவிடாமல் சொல்லுங்கள். பிற நாட்டுப் பெண்களைப் பரிதாபத்துக்குரிய வேடிக்கைப் பொருளாக்கிவிடும் ஆபத்து இந்த அமர்வில் எப்போதும் உண்டு. அங்கேயும் எதிர்த்தவர்கள் இருந்தார்கள் என்று சொல்வது அதைத் தடுக்கிறது.

சீனாவைப் பற்றிச் சொல்லும்போது நான் செய்த தவறை நீங்கள் செய்யாதீர்கள். 2016 மார்ச்சில் அந்நாட்டுச் சமூக ஊடகங்களில், ஏ4 தாளை நெடுக்காகப் பிடித்து இடுப்பு அதற்குப் பின்னால் மறைகிறதா என்று படம் எடுத்துப் போடும் போட்டி பரவியது. தாளின் அகலம் 21 செ.மீ. இதன் அபத்தம் பிள்ளைகளுக்கு உறைக்கட்டும் என்று எண்ணி, முதல் ஆண்டு நான் ஆளுக்கு ஒரு தாள் கொடுத்துவிட்டுக் கதையைத் தொடங்கினேன். நான் சொல்லி முடிப்பதற்குள் பதினோரு தாள்களும் பதினோரு இடுப்புகளுக்கு முன்னால் இருந்தன. இரண்டு பிள்ளைகள் வெற்றிக் கூச்சலிட்டார்கள். மற்றவர்கள் தாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். எடை இயந்திரத்தையும் டேப்பையும் அறைக்கு வெளியே வைத்துவிட்டு, ஒரு புது அளவுகோலை நானே கையில் கொடுத்துவிட்டேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இப்போதெல்லாம் தாளை முதலில் நான்காகக் கிழித்து, அவற்றில் குறிப்பெழுதத் தொடங்கிய பிறகுதான் அந்தக் கதையைச் சொல்கிறேன். சாப்பாட்டைத் தவிர்க்கச் செய்யும் எந்த நோயையும் பற்றிச் சொல்லும்போதும் இதே எச்சரிக்கை தேவை: யார் எத்தனை கிலோ குறைந்தார், என்ன சாப்பிட்டார், எப்படி மறைத்தார் என்ற விவரங்கள் கேட்பவருக்குச் செய்முறையாகிவிடும்.

1965-இல் அமெரிக்காவில் விற்ற பார்பி பொம்மை ஒன்றைப் பற்றிச் சொல்லி இந்த அமர்வை முடிக்கிறேன். பைஜாமா அணிந்த அந்தப் பொம்மையோடு ஒரு குட்டி எடை இயந்திரம் வந்தது. அதன் முள் 110 பவுண்டில், அதாவது சுமார் 50 கிலோவில், நகராமல் ஒட்டப்பட்டிருந்தது. எடையைக் குறைப்பது எப்படி என்ற குட்டிப் புத்தகமும் உடன் வந்தது. அதன் பின்னட்டையில் இருந்த ஒரே யோசனை, "சாப்பிடாதே". பிள்ளைகள் சிரித்து முடித்ததும், கொருக்குப்பேட்டை வழியாகப் போகும் மின்சார ரயில் பெட்டியின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் சிறு தாள்களை நினைவுபடுத்துங்கள்: "எடை குறைய வேண்டுமா? எடை கூட வேண்டுமா? அழையுங்கள்". கூட்டவும் குறைக்கவும் ஒரே போன் எண். மொரிட்டானியாவும் சீனாவும் அந்த ஒரு சாண் தாளில் அடங்கிவிடுகின்றன.

நிறம்

மேலைநாட்டுப் பாடத்திட்டங்கள் பெரும்பாலும் எடையைச் சுற்றியே அமைந்திருப்பதால், அவற்றை அப்படியே எடுத்துக்கொண்டால் நம் பிள்ளைகளின் முதல் காயத்தைத் தாண்டிப் போய்விடுவோம். எங்கள் மாடியில், 'உங்களை முதன்முதலில் வருத்திய சொல் எது?' என்று பெயரில்லாத சீட்டில் எழுதச் சொன்னபோது, பாதிக்கு மேற்பட்ட சீட்டுகளில் கறுப்பைக் குறிக்கும் சொற்களே இருந்தன. 'கறுப்பே அழகு, காந்தலே ருசி' என்று பழமொழி சொல்லும் மொழியில்தான், சிவந்த மணமகள் தேவை என்ற வரன் விளம்பரமும் அச்சாகிறது.

இந்தியாவில் 1975-இல் விற்பனைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லி, பல பத்தாண்டுகளாக ஒரே கதையைத்தான் சொல்லிவந்தது: கறுத்த பெண், கிடைக்காத வேலை அல்லது அமையாத வரன், களிம்பு, வெளுப்பு, வெற்றி. சென்னையைச் சேர்ந்த கவிதா இம்மானுவேலின் 'விமன் ஆஃப் வொர்த்' அமைப்பு 2009-இல் 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' இயக்கத்தைத் தொடங்கியது. நடிகை நந்திதா தாஸ் பின்னர் அதன் முகமானார். கறுத்த நிறம் உடையவரை அழகற்றவராகவோ, மகிழ்ச்சியற்றவராகவோ, வேலையிலும் திருமணத்திலும் பின்தங்கியவராகவோ காட்டக் கூடாது என்று இந்திய விளம்பரத் தர மன்றமான ஆஸ்கி 2014-இல் விதி வகுத்தது. 2020-இல் அந்தக் களிம்பின் பெயர் க்ளோ அண்ட் லவ்லி ஆனது. பழைய விளம்பரம் ஒன்றையும் புதியது ஒன்றையும் ஒலியை நிறுத்திவிட்டுப் போட்டுக்காட்டி, எது மாறியது, எது மாறவில்லை என்று கேளுங்கள். 'வெளுப்பு' என்ற சொல் போன இடத்தில் 'பொலிவு' உட்கார்ந்திருப்பதைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு ஒரு நிமிடம் ஆகாது.

களிம்புகளைப் பற்றி மட்டும் கண்டிப்பாகவே பேசுங்கள். மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கி, வெளுப்புக்காக மாதக்கணக்கில் பூசும் ஸ்டீராய்டு கலந்த களிம்புகள் தோலை மெலிதாக்கி, முகத்தில் பருவும் முடியும் வளரச் செய்து, நிறுத்தினால் எரிச்சலும் சிவப்பும் பொங்கும்படி செய்துவிடும். கலவைக் களிம்புகளின் குழாயில் மோமெட்டாசோன், பீட்டாமெத்தாசோன், குளோபெட்டசால் என்ற பெயர்கள் இருக்கின்றனவா என்று படிக்கக் கற்றுக்கொடுங்கள். தயாரித்தவர் பெயரோ உட்பொருள் பட்டியலோ இல்லாமல் வரும் வெளிநாட்டு டப்பாக்களில் பாதரசம் இருக்க வாய்ப்புண்டு. அது சிறுநீரகத்தைப் பாதிக்கும். ஏற்கெனவே ஸ்டீராய்டு பூசிவரும் பிள்ளையை அன்றே நிறுத்தச் சொல்லாமல் தோல் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

நான்காம் சனிக்கிழமை: கடிதமும் புகாரும்

பிரான்சில் உடல் வடிவத்தைத் திருத்திய வணிகப் படத்தில் 'திருத்திய படம்' என்று அச்சிட வேண்டும் என்ற விதி 2017 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. மீறினால் 37,500 யூரோ வரை அபராதம். இஸ்ரேல் 2012-இலேயே அப்படியொரு சட்டம் இயற்றியது. நார்வேயில் 2022 ஜூலை முதல், பணம் வாங்கிக்கொண்டு படம் போடும் இன்ஃப்ளூயன்சர்களும் திருத்தத்தை அறிவித்தாக வேண்டும். நல்ல சட்டங்கள்தாம், ஆனால் ஓரத்தில் இருக்கும் அந்தச் சிறு எழுத்தைப் படித்ததால் மட்டும் பார்ப்பவரின் மனக்குறை குறைந்துவிடுவதில்லை என்றே பல ஆய்வுகள் காட்டுகின்றன. பீடிக்கட்டின் மேல் இருக்கும் எச்சரிக்கையைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதில் வியப்பில்லை. அதைவிட நல்ல பலன் தந்திருப்பது, அமெரிக்க உளவியலாளர் எரிக் ஸ்டைஸ் வகுத்த முறை: ஒல்லி உடலே உயர்ந்தது என்ற கருத்துக்கு எதிராக, பங்கேற்பவர்களே தங்கள் வாயால் வாதாடவும் தங்கள் கையால் எழுதவும் வேண்டும். கேட்டதை மறக்கலாம், தானே சொன்னதைத் திரும்பப் பெறுவது கடினம்.

எனவே முதல் முக்கால் மணி நேரத்தில், ஆறாம் வகுப்புப் படிக்கும் ஒரு தங்கைக்குக் கடிதம் எழுதச் சொல்லுங்கள். 'உன் உடலை நேசி' போன்ற பேனர் வாசகங்கள் வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். மூன்று வாரங்களில் தாங்கள் கண்ணால் பார்த்ததை மட்டுமே எழுத வேண்டும். ஒருத்தி தன் கடிதத்தில் ஃப்ளெக்ஸ் கடைத் தம்பியின் கை அசைவை மட்டுமே ஒரு பக்கம் எழுதியிருந்தாள்.

மீதி நேரத்தில் உண்மையான புகார் ஒன்றை அனுப்புங்கள். உடல் பருமனைக் குறைக்கும், மார்பகத்தின் வடிவத்தை மாற்றும் என்றெல்லாம் மருந்துகளை விளம்பரப்படுத்துவதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மாய நிவாரணிகள் சட்டம் தடை செய்கிறது. இரண்டும் அதன் அட்டவணையில் இருக்கின்றன. எழுபது ஆண்டுகளுக்கு மேலாகச் சட்டம் இருந்தும் சுவரொட்டி இருக்கிறது என்பது தனிக்கதை. பொய் விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரையும், மறுமுறை 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்க 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வழி செய்கிறது. விளம்பரத்தின் தெளிவான படம், அதைப் பார்த்த இடம், நாள், எந்த வாக்கியம் பொய் என்பது ஆகியவற்றை எழுதி, ஆஸ்கியின் வாட்ஸ்அப் எண்ணான 77100 12345-க்கு அனுப்பலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. புகாரைப் பெரியவர் ஒருவர் பெயரில் அனுப்புங்கள். பிள்ளைகளின் பெயரோ எண்ணோ வேண்டாம். பதில் வரத் தாமதமாகலாம், வராமலும் போகலாம் என்பதை முன்பே சொல்லிவிட்டால் ஏமாற்றம் இருக்காது.

ரீல்ஸ் பற்றி ஒரு சொல். இன்ஸ்டாகிராமை நடத்தும் நிறுவனத்தின் உள் ஆவணங்கள் 2021-இல் வெளியானபோது, தங்கள் உடலைப் பற்றிச் சோர்ந்திருந்த பதின்வயதுப் பெண்களில் 32 விழுக்காட்டினர் அந்தச் செயலி சோர்வைக் கூட்டியதாகச் சொன்னது அந்நிறுவனத்துக்கே தெரிந்திருந்தது என்பது வெளிச்சத்துக்கு வந்தது. போனைப் பிடுங்கி வைப்பதில் பயனில்லை; பக்கத்து வீட்டில் இன்னொரு போன் இருக்கும். எதன் மேல் விரல் தயங்கி நிற்கிறதோ அதையே மேலும் மேலும் காட்டுவதுதான் அதன் வேலை என்பதைச் சொல்லி, எடைக் குறைப்புக் காணொளி வரும்போதெல்லாம் 'ஆர்வமில்லை' என்பதை அழுத்தும்படியும், கேரம், குத்துச்சண்டை, கானா, சமையல் என்று வேறு எதையாவது தேடிப் பார்க்கும்படியும் ஒரு வாரப் பயிற்சி கொடுங்கள். 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கேரம் போட்டியில் மூன்று தங்கம் வென்ற காசிமா எங்கள் புது வண்ணாரப்பேட்டைப் பெண். அவர் ஸ்ட்ரைக்கரைச் சுண்டும் காணொளியைத் திரும்பத் திரும்பப் பார்த்த பிள்ளைகளின் திரையில் பத்து நாளில் கேரம் பலகைகள் நிரம்பிவிட்டன.

அம்மாக்களிடம்

பிள்ளைகளை மட்டும் தயார் செய்து, பேசுகிற வாய்களை விட்டுவிட்டால் பாதி வேலைதான் நடந்திருக்கும். நான்காம் வாரத்துக்குப் பிறகு அம்மாக்களை அரை மணி நேரம் கூப்பிட்டு உட்கார வையுங்கள். பாட்டிகளும் வந்தால் மிகவும் நல்லது. அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "அப்படியானால் உடம்பைப் பார்த்துக்கொள்ளவே வேண்டாமா?" என்பதாகத்தான் இருக்கும். நியாயமான கேள்வி. வளரும் பிள்ளைகளுக்குப் பெரியவர்களின் எடைக் கணக்கு பொருந்தாது, வயதுக்குரிய வளர்ச்சி அட்டவணையை வைத்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும் என்பதே பதில். நாட்டில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்தச்சோகை இருப்பதாக 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. அப்படிப்பட்ட உடல்கள்தாம் காலைச் சாப்பாட்டைத் தவிர்த்துக்கொண்டிருக்கின்றன என்று சொன்னால், அரட்டை அடங்கிவிடும். பேனர் விவகாரத்தையும் இங்கேயே பேசிவிடுங்கள். போன தை மாதம் ஓர் அம்மா தன் இளைய மகளின் விழாவுக்கு முகத்தைத் தொடாமல் அச்சிடச் சம்மதித்தார். பின்னணியில் சுவிட்சர்லாந்து மலை கட்டாயம் வேண்டும் என்பதில் மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்

வேளைச் சாப்பாட்டைத் தொடர்ந்து தவிர்ப்பது, சாப்பிட்டதும் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வது, மாதவிடாய் நின்றுபோவது, அடிக்கடி மயக்கம், எப்போதும் குளிர்கிறது என்பது, கொத்துக் கொத்தாக முடி உதிர்வது, வெயிலிலும் உடலை மறைக்கும் தளர்ந்த உடை ஆகியவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து தெரிந்தால் அது வீட்டில் பேசித் தீர்க்கும் விஷயமல்ல. சாகவேண்டும் என்ற பேச்சு ஒருமுறை வந்தாலும் காத்திருக்கக் கூடாது. அரசின் மனநல ஆலோசனைச் சேவையான டெலி மானஸ் உதவி எண் 14416-இல் எந்நேரமும் தமிழில் பேசலாம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. எங்கள் பகுதிக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு அருகிலேயே இருக்கிறது. காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்கிவிடுங்கள், வரிசை நீளும் என்பதால் பிள்ளையோடு நீங்களும் உட்கார்ந்திருங்கள், மருத்துவர் கேட்கும்போது பதிலை அவளே சொல்லட்டும். திரும்பும் வழியில் டீக்கடையில் நின்றால், அவள் பன்னைச் சாப்பிடுகிறாளா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் உங்களுடையதைச் சாப்பிடுங்கள்.